விண்ட்சரிலிருந்து மொன்றியல் வரை: லொறிக்குள் கேட்ட ரேடியோ

கனடாவில் லொறி ஓட்டுகிறேன். கிழமைக்கு இரண்டு தடவை விண்ட்சரில் கார் உதிரிப்பாகம் ஏற்றி மொன்றியலில் இறக்குகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர். 401ஆம் நெடுஞ்சாலை விண்ட்சரில் தொடங்கி 828 கிலோமீற்றர் ஓடி கியூபெக் எல்லையில் முடியும். அதற்கு அப்பால் அதே ரோட்டுக்கு 20 என்று பெயர். நடுவில் ஸ்காபரோவில் என் வீட்டுக்குப் பக்கத்தாலேயே போவேன், ஆனால் இறங்க முடியாது.

மகன் என் போனில் பாட்டுச் செயலி ஒன்றைப் போட்டுத் தந்திருக்கிறான். பாவிக்கிறதில்லை. எனக்குப் பிடித்ததையே அது திரும்பத் திரும்பப் போட்டு என்னை நித்திரையாக்கிவிடும். ரேடியோவில் அடுத்தது என்ன வரும் என்று தெரியாது, அதனால் கண் மூடாது. ஹோட்டலுக்கும் முடிவெட்டும் கடைக்கும் ஆக்கள் விமர்சனம் எழுதுகிறார்கள், இந்த ரோட்டு ரேடியோவுக்கு யாரும் எழுதி நான் கண்டதில்லை. காசு கேட்காத சேவை என்றாலும் நேரம் கொடுத்திருக்கிறேனே, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரோட்டில் பலகை பார்க்காமல், வருகிற பாட்டை வைத்தே எந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்குச் சொல்லத் தெரியும். ரசனையை வைத்துச் சொல்வதில்லை, சட்டத்தை வைத்து. அந்தந்த இடத்துச் சட்டம் பாட்டுக்குள்ளேயே கேட்கும்.

விண்ட்சரில் லோட் ஏற்றும்போது ரேடியோவைத் திருப்பினால் அகப்படுவது பெரும்பாலும் டெட்ராய்ட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. அங்கே ஒரு நிலையம் என்ன இசை போடவேண்டும் என்பதில் அரசு தலையிடுவதில்லை. நியூயோர்க்கில் ஒரு செவ்விசை நிலையம் ராக் நிலையமாக மாறப் பார்த்ததும் கேட்பவர்கள் சங்கம் சேர்ந்து சண்டை பிடித்தார்கள். அந்த விவகாரம் 1981இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இசை வடிவத்தைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அவர்களுடைய ஒலிபரப்பு ஆணையம் எடுத்த நிலைப்பாடு சட்டப்படி சரி என்று தீர்ப்பானது. அதனால் டெட்ராய்ட் நிலையங்கள் வழுக்கிக்கொண்டு போகும். கேட்க நல்ல சுகம். ஆனால் திங்கள் கேட்ட நாற்பது பாட்டுத்தான் வியாழனும். 10க்கு 6.

விண்ட்சர் பக்கத்து நிலையங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 800 ஏ.எம். என்று ஒன்று இருக்கிறது, 50,000 வாட். அறுபதுகளின் கடைசியில் 'பிக் எய்ட்' என்ற பெயரோடு கனடாவில் இருந்துகொண்டே டெட்ராய்டைப் பிடித்து வைத்திருந்த நிலையம் அது. பிறகு கனடிய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1971 ஜனவரியில் இருந்து ஏ.எம். நிலையங்கள் போடுகிற இசையில் 30 வீதம் கனடியப் பாட்டாக இருக்கவேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன் விரும்பியதைப் போடுவான், இவர்கள் மூன்றுக்கு ஒன்று கணக்குப் பார்க்கவேண்டும். எப்படி ஓடி வெல்வது? பின்னாளில் விண்ட்சர் நிலையங்கள் சிலவற்றுக்குக் கனடிய ஒலிபரப்பு ஆணையமே அந்த அளவைக் குறைத்துக் கொடுத்தது. 'பிக் எய்ட்' இப்போது பாட்டை விட்டுவிட்டுப் பேச்சு நிலையமாக ஓடுகிறது.

அந்த ஆணையத்தை இங்கே எல்லோரும் சி.ஆர்.டி.சி. என்பார்கள். 1968இல் உருவானது. முதல் தலைவர் பியர் ஜூனோ. கனடிய இசைக்குக் கொடுக்கிற ஜூனோ விருதில் அவர் பெயரின் எதிரொலி இருக்கிறது. 30 வீதம் 1999இல் 35 ஆனது, இன்றைக்கும் ஆங்கில நிலையங்களுக்கு அதுதான்.

சரி, எது கனடியப் பாட்டு? பழைய சி.டி. உறைகளைப் பார்த்தால் ஒரு சின்ன வட்டம் நான்காக வெட்டப்பட்டு எம், ஏ, பி, எல் என்று நான்கு எழுத்து இருக்கும். சேர்த்து வாசித்தால் மேப்பிள் மாதிரி ஒலிக்கும். எம் என்றால் மெட்டு கனடியருடையது, ஏ பாடுகிறவர் கனடியர், பி இங்கேயே பதிவானது, எல் வரிகள் கனடியருடையவை. நான்கில் இரண்டு இருந்தால் பாட்டு கனடியம். பிரயன் அடம்ஸை எல்லோருக்கும் தெரியும், கிங்ஸ்ரனில் பிறந்த கனடியர். 1991இல் அவர் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார், உலகமே வாங்கியது. ஆனால் மெட்டும் வரியும் வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு சேர்ந்து எழுதியவை, பதிவும் பெரும்பாலும் வெளியில். இரண்டு புள்ளி தேறவில்லை. பிரயன் அடம்ஸ் கனடியப் பாட்டு இல்லை என்று கணக்கு வந்தது! ஊர் சிரித்த பிறகு விதியைத் திருத்தினார்கள்: கனடியர் வெளியாளோடு சேர்ந்து எழுதினாலும் மெட்டிலும் வரியிலும் பாதியாவது அவருடையது என்றால் சரி.

ஒன்ராறியோவின் லண்டன், கிச்சனர், மில்ரன் தாண்டி ரொறன்ரோ வரைக்கும் நல்ல தெரிவு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே நான் அதிகம் கேட்கிற ஒரு ராக் நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்தத் துண்டில் ஓடுகிறவர்களுக்கு விளங்கும்.

கோயில் வாசலில் திருவிழாவுக்குச் சனம் எண்ணுகிற கிளிக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒருநாள் பின்னேரம் அதை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்து, கனடியப் பாட்டு வந்தால் ஓர் அமுக்கு அமுக்கினேன். ஒரு மணி நேரத்தில் 13 பாட்டு, 5 அமுக்கு. 35 வீதத்துக்கு மேல். சட்டப்படி ஒரு குறையும் சொல்ல ஏலாது. கிழமைக் கணக்காகத்தான் பார்ப்பார்கள், அதோடு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள்ளும் அதே 35 வரவேண்டும். அந்தப் பகல் விதி ஏன் வந்தது என்றால், முன்பு கனடியப் பாட்டை எல்லாம் நடுச்சாமத்தில் கொட்டிக் கணக்கை நேராக்குவார்கள். அதற்கு 'பீவர் நேரம்' என்று பகிடிப் பெயர். பீவர் இந்த நாட்டின் தேசிய விலங்கு, அதுவும் இரவில்தான் வேலை செய்யும். எங்களைப் போல இரவு ஓட்டக்காரருக்குத்தான் அதெல்லாம் விழுந்திருக்கும்.

மறுநாள் அதே நேரம் திரும்பவும் அமுக்கினேன். 5. ஆனால் அதே மூன்று இசைக்குழு, அதில் இரண்டு பாட்டு முதல்நாள் கேட்ட அதே பாட்டு. மூன்றாம் நாள் கருவியை எடுக்கவேயில்லை, எது எப்போது வரும் என்று வாயாலேயே சொல்லத் தொடங்கிவிட்டேன். சட்டம் 35 கேட்கிறது, இவர்கள் 35 கொடுக்கிறார்கள், காய்ச்சல்காரனுக்கு மணிக்கொருதரம் மருந்து ஊற்றுகிற மாதிரி. இவ்வளவு பெரிய நாட்டில் வேறு ஒருவரும் பாடவில்லையா? நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதிலாக, காலை எட்டு மணிக்கு எட்டாவது ஆளாகத் தொலைபேசி எடுத்தால் சினிமா ரிக்கெற் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம் வந்தது. இப்போதும் கிழமைக்கொன்று வருகிறது. 10க்கு 3. அந்த 3உம் வீதி நிலவரம் ஒழுங்காகச் சொல்வதற்காக.

இவர்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். எங்களுக்கு லொறியில் ஓட்டுகிற நேரத்தைப் பதிகிற மின் லாக் பெட்டி இருக்கிறது, 2023 ஜனவரியில் இருந்து முழுதாக அமுல். நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். அவர்களுக்கும் ஒரு லாக் உண்டு: ஒலிபரப்பாகிற ஒவ்வொரு நிமிடமும் பதிவாகி நாலு கிழமை வைத்திருக்கவேண்டும். யாராவது முறைப்பாடு செய்தால் எட்டுக் கிழமை. ஆணையம் திடீரென்று ஒரு கிழமையைச் சொல்லி, அந்தக் கிழமைப் பதிவையும் பாட்டுப் பட்டியலையும் அனுப்பு என்று கேட்கும். எங்களைத் தராசில் ஏற்றுகிற மாதிரிதான். பிழை பிடித்தால் ஏழு வருட உரிமத்தைக் குறுக்கிக் கொடுத்து வந்தார்கள். அதற்கும் திருந்தாவிட்டால் உரிமமே போகும். ரொறன்ரோவில் 88.1இல் ஒரு பல்கலைக்கழக வளாக நிலையம் இருந்தது, சி.கே.எல்.என். உள்ளே நிர்வாகச் சண்டை, ஒழுங்காக வராத அறிக்கைகளும் பதிவுகளும். 2011இல் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். அந்த அலைவரிசை பிறகு இன்னொரு நிறுவனத்துக்கு, தனித்து இயங்குகிற கலைஞர்களின் இண்டி இசை நிலையம் நடத்தப் போனது.

யாருக்கு என்ன இசைக்கு இடம் என்பதையும் ஆணையம்தான் முடிவெடுக்கிறது. முன்பு எஃப்.எம். நிலையம் எந்த வகை இசை என்று சொல்லி உரிமம் வாங்கியதோ அதிலிருந்து விலகக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. பிற மொழி, தனிவகை நிலையங்களுக்குத்தான் இன்னும் இறுக்கம். ஆனால் காலி அலைவரிசைக்குப் போட்டி வரும்போது இசை வகையும் எடைபோடப்படும். ரொறன்ரோவின் கறுப்பின மக்கள் தங்கள் இசைக்கு ஒரு நிலையம் கேட்டு 1990இல் போனார்கள், அது ஒரு கன்ட்ரி நிலையத்துக்குப் போனது. 1997இல் திரும்பவும் போனார்கள், அது நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி.க்குப் போனது. 2000இல்தான் உரிமம் கிடைத்து அடுத்த வருடம் 93.5இல் ஃப்ளோ வந்தது. நான் அப்போது பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த ஜமேக்காக்காரன் அன்றைக்குக் கார்க் கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் ஓடினான். மார்ச் மாதக் குளிரில்.

கிங்ஸ்ரனை நான் தனியாக மதிப்பிடவேண்டும். ட்ராஜிக்கலி ஹிப் என்ற குழுவின் சொந்த ஊர். ஊரில் ஒரு தெருவுக்கே அவர்கள் பெயர். உண்மையைச் சொன்னால், வந்த புதிதில் எனக்கு அவர்களைக் கண்ணில் காட்ட ஏலாது. 35 வீதத்தில் பாதி அவர்களாலேயே நிரம்பும் போல் இருக்கும். மணிக்கொருதரம் அந்தக் கொரகொர கிற்றார். பிறகு பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய் என்று செய்தி வந்தது. 2016 ஓகஸ்ட் 20, கடைசிக் கச்சேரி கிங்ஸ்ரனில். சி.பி.சி. விளம்பரம் இல்லாமல் நேரடியாகப் போட்டது. நான் அன்றைக்கு ட்ரென்ரன் தரிப்பிடத்தில் தேத்தண்ணீர் வாங்க நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற லொறி, அதற்குப் பக்கத்து லொறி, அந்தப் பக்கம் குடும்பத்தோடு வந்த ஒரு வான், எல்லாவற்றுக்குள்ளும் அதே ஒலிபரப்பு. இறங்கி நடந்தால் பாட்டு அறாமல் கூடவே வருகிறது. கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, எனக்கு ஒவ்வொரு பாட்டின் பின்வரியும் பாடம். நான் விரும்பிக் கேட்டதே இல்லை, சட்டம்தான் பாடமாக்கி விட்டிருக்கிறது. தேத்தண்ணீர் ஆறிவிட்டது. அந்த இரவுக்கு நான் புள்ளி போடமாட்டேன்.

கோர்ன்வால் தாண்டினால் ஆங்கிலம் மெல்ல மெல்லக் கரையும். எல்லைக்கு அப்பால் பிரெஞ்சு நிலையங்களுக்குக் கனடிய 35 வீதத்தோடு இன்னொரு பாரமும் உண்டு: பாடல்களில் 65 வீதம் பிரெஞ்சில் இருக்கவேண்டும். வேலைநாள் பகலில் 55ஆவது குறையக்கூடாது. எனக்குப் பிரெஞ்சு, லோட் இறக்குகிற இடத்தில் சண்டை பிடிக்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் பாட்டு நன்றாக இருக்கிறது. அவர்களிடம் ஆள் இருக்கிறது, கிற்றாரோடு கதை சொல்கிறவர்கள், அக்கோர்டியன் வாசிக்கிறவர்கள். கட்டாயத்துக்குப் போடுகிறார்கள் என்ற நினைப்பே வராது. விரும்பிப் போடுகிற மாதிரித்தான் இருக்கும்.

ஒரு கள்ளத்தனமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சில நேரம் திடீரென்று ஆங்கிலப் பாட்டுகளின் துண்டு துண்டாக ஒட்டிய கலவை ஒன்று வரும், ஒன்று முடிய முன்பு அடுத்தது. நான் நினைத்தேன் யாரோ அறிவிப்பாளர் விளையாடுகிறார் என்று. விசாரித்தால், அப்படி ஒட்டியதெல்லாம் சேர்ந்து கணக்கில் ஒரே ஒரு பாட்டு! ஆறு ஆங்கிலப் பாட்டைப் போட்டுவிட்டு ஒன்று என்று எழுதலாம். ஆணையமும் விடவில்லை, 2011இல் இந்த ஒட்டுவேலை கிழமை ஒலிபரப்பில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு போட்டது. எங்கள் தொழிலிலும் லாக்கை ஏமாற்ற ஆயிரம் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. 10க்கு 8.

இனி தமிழ். இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், சனிக்கிழமை காலை வெறும் லொறியோடு வீடு திரும்பும்போதுதான் அது அகப்படும்.

புதிதாக வந்த ஆக்களுக்குத் தெரியாது, முன்பு ரொறன்ரோவில் தமிழ் ரேடியோ கேட்க ஒரு தனிப் பெட்டி வாங்கவேண்டும். ஏதோ ஓர் எஃப்.எம். நிலையத்தின் அலையில் ஒளித்து ஏறிவருகிற துணை அலை அது, சாதாரண ரேடியோவில் கேட்காது. பெட்டியைத் தமிழ்க் கடையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து விற்பார்கள். நிலையத்தை மாற்ற முடியாது, கூட்டலாம் குறைக்கலாம் அவ்வளவுதான். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது, ஏரியல் வயரை ஜன்னலில் டேப் போட்டு ஒட்டியிருந்தோம். மரண அறிவித்தல் வரும்போது அம்மா கரண்டியோடு ஓடிவந்து நிற்பார். லொறிக்கோ காருக்கோ அது உதவாது. பிறகுதான் சாதாரண எஃப்.எம்.மிலேயே தமிழ் வந்தது.

என் மச்சாள் ஒருத்தி பல மொழி நிலையம் ஒன்றில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் செய்கிறாள். போன மாசிமாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பாட்டுப் போடுகிற கணினியைவிட எனக்குப் பக்கத்தில் கிடந்த தாள்தான் பிடித்தது. பாட்டின் பெயர், பாடியவர், மொழி, எத்தனை நிமிடம், அதற்குப் பக்கத்தில் நான்கு சின்னக் கட்டம்: எம், ஏ, பி, எல். ஒவ்வொரு பாட்டுக்கும் பேனையால் புள்ளடி போடுகிறாள். இளையராஜாவின் மெட்டில் எஸ்.பி.பி. சென்னையில் பாடியதற்கு நான்கு கட்டமும் வெறுமை. அதற்கு அடுத்தது, அதே மெட்டை ஸ்காபரோவில் ஒரு பெடியன் நிலவறை ஸ்டூடியோவில் பாடியது. ஏயிலும் பியிலும் புள்ளடி. "இது கனடியப் பாட்டு, அத்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பிற மொழி நிகழ்ச்சிகளுக்கு 35 கேட்பதில்லை, 7 வீதம் போதும். பன்னிரண்டு பாட்டுப் போடுகிற ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு பாட்டு. மற்றவர்கள் அந்த ஒன்றை எப்படியோ நிரப்பிவிட்டுப் போவார்கள். மச்சாள் அதற்காகக் கிழமை முழுக்க ஆள் தேடுகிறாள். அரங்கேற்றத்தில் பாடிய பிள்ளை, மார்க்கத்தில் ராப் செய்கிற இரண்டு சகோதரங்கள், எழுபது வயதில் சொந்தமாக மெட்டுப் போடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஆசிரியருடையதுக்கு நான்கு கட்டத்திலும் புள்ளடி. பாட்டு கொஞ்சம் இழுவைதான், இருந்தாலும் கேட்டேன். எல்லாம் நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு பாட்டுக்கு முன்பு அவள் ஆளைப் பற்றி இரண்டு நிமிடம் கதைக்கிறாள், அதற்காகவே சத்தத்தைக் கூட்டுகிறேன். 10க்கு 9. ஒஷாவா தாண்டினால் கரகரவென்று போய்விடுவதற்காக ஒன்றைக் குறைத்தேன்.

நான் போன அன்று ஒரு பெடியன் நேரில் வந்திருந்தான். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும், அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிறான். கரோக்கியை வைத்துப் பழைய பாட்டு ஒன்றைப் பாடினான், குரல் கணீரென்று இருந்தது. முடிந்ததும் மச்சாள் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"தம்பி, வந்து எத்தனை மாதம்?"

"ஏழு, அக்கா."

"அப்ப சரி" என்று ஏயில் ஒரு புள்ளடி, பியில் ஒரு புள்ளடி போட்டாள். எனக்கு விளங்கவில்லை. விதியில் அப்படித்தான் இருக்கிறதாம்: பாட்டுக்குக் கனடியர் என்றால் குடியுரிமைக்காரர், நிரந்தர வதிவிடம் பெற்றவர், அல்லது பாடுவதற்கு முந்தைய ஆறு மாதமும் வழமையாக கனடாவில் வசித்தவர்.

பெடியன் அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். தன் பெயருக்கு நேரே இருந்த இரண்டு புள்ளடியையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தான்.

"அக்கா, இதை லோயரிடம் காட்டலாமா?"